அம்மாவுக்கு ஒரு ரிமோட் போதும்

2022 ஜூலையில் மூன்று வாரம் ஊரில் இருந்தேன். நியூஜெர்சியிலிருந்து கிளம்பும்போதே அம்மாவுக்கென்று ஒரு டிவி ஸ்டிக்கைப் பெட்டியில் போட்டுக்கொண்டேன். டிவியில் செருகினால் நெட்டில் வரும் படம், சீரியலை அதில் காட்டும் சின்னக் கருவி அது. தள்ளுபடியில் கிடைத்தது. கும்பகோணம் வந்து செருகப் போனால் பிளக் பொருந்தவில்லை. அங்கே தட்டைப் பின், இங்கே உருண்டைப் பின். அது முனைக்கடையில் வாங்கிய மாற்றியோடு சரியாகிவிட்டது. ஆனால் ஸ்டிக்கில் நுழையப் போட்ட என் கணக்கு அமெரிக்கக் கணக்கு. அம்மா சந்தா கட்டும் ஆப்பின் இந்தியப் பதிப்பு அதில் கண்ணிலேயே படவில்லை. கணக்கின் நாட்டை மாற்றினால் அங்குள்ள என் சந்தாக்கள் என்ன ஆகுமோ என்று விட்டுவிட்டேன்.

சரி, இங்கேயே வாங்குவோம் என்று கடைத்தெருவுக்குப் போனேன். அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக்கில் மட்டும் அப்போது நாலு வகை: லைட், சாதா, 4கே (படம் கூடுதல் துல்லியம்), 4கே மேக்ஸ். நான் நேராக மேக்ஸைக் கேட்டேன். வேகத்துக்கு 2 ஜிபி ரேம், புதுத் தலைமுறை வைஃபை 6. டாலரில் சம்பளம் வாங்குகிறவனின் கை அங்கேதானே போகும்! கவுண்டர் பையன் விலை சொல்லவில்லை. "எத்தன இன்ச் டிவிங்க சார்?" என்றான். 32, பழையது, 4கே கிடையாது. "அப்ப எதுக்கு சார்?" என்று அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டான். விற்க வந்தவன் விலை கூடியதை உள்ளே வைத்து நான் பார்த்ததில்லை.

மிச்சம் லைட்டும் சாதாவும். இரண்டும் 1080பி (4கே-க்குக் கீழ்ப்படி, ஃபுல் எச்டி), இரண்டுக்கும் 1 ஜிபி ரேம், 8 ஜிபி இடம். முக்கிய வித்தியாசம் ரிமோட்டில்தான். லைட்டின் ரிமோட்டில் டிவியை அணைக்கவோ சத்தத்தைக் கூட்டிக் குறைக்கவோ பொத்தான் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, காதும் கொஞ்சம் மந்தம். சீரியலில் அழுகைக்கு ஒரு சத்தம், விளம்பரத்துக்கு ஒரு சத்தம். சாதாவையே வாங்கினேன்.

நெட் கனெக்‌ஷன் கதை வேறு. காலை பத்து மணிக்கு ஆள் வரும் என்றார்கள். மறுநாள் மாலை வந்தார். வந்தவர் கெட்டிக்காரர், மோடத்தை இன்வெர்ட்டர் லைனில் மாட்டிக் கொடுத்தார். நான் ஸ்டிக்குக்கு டிவியின் யுஎஸ்பியிலிருந்தே கரண்ட் எடுத்திருந்தேன். "அதுல கரண்ட் பத்தாது சார், கூட வந்த அடாப்டரப் போடுங்க" என்று மாற்றச் சொன்னதும் அவர்தான்.

அம்மாவுக்குப் பழக்க இரண்டு நாள் ஆனது. படம் தேர்ந்தெடுக்க ரிமோட் எந்தப் பக்கம் பார்த்தாலும் வேலை செய்யும், அது ப்ளூடூத். சத்தத்துக்கு மட்டும் டிவியைப் பார்த்து நீட்ட வேண்டும், அது இன்ஃப்ராரெட். இதையெல்லாம் விளக்கப் போனால், "எப்பவும் நீட்டியே அமுக்கிட்டாப் போச்சு" என்று முடித்துவிட்டாள். மைக் பொத்தானை அமுக்கித் தமிழில் கேட்டுப் பார்த்தாள். ஆனால் அதில் பதில் சொல்லும் குரல் உதவியாளர் அலெக்சாவுக்கு அப்போது இங்கே ஆங்கிலமும் இந்தியும்தான். "அவளுக்கு நான் ஏன்டா இந்தி படிக்கணும்?" என்று வைத்துவிட்டாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் கேபிளை நிறுத்தலாமா என்று கேட்டேன். விடவில்லை. உள்ளூர்ச் சேனலில் கோயில் புறப்பாடு காட்டுவார்களாம். ஸ்டிக்கிலிருந்து கேபிளுக்குத் திரும்ப இந்தப் புது ரிமோட்டில் பொத்தான் இல்லை. டிவி ரிமோட், கேபிள் ரிமோட், புது ரிமோட், மூன்றும் இப்போது ஒரே எவர்சில்வர் டம்ளரில் நிற்கின்றன.