ஜப்பானின் ஒசாகாவில் அரை நாள்தான் இருக்கிறதா? கோட்டையா, சுமியோஷி தைஷா ஆலயமா?

ஒசாகா கோட்டையைப் பார்த்ததும் நானூறு வருடப் பழசு என்று நினைத்துவிடாதீர்கள். போர்த்தலைவர் ஹிதேயோஷி 1583-ல் கட்டத் தொடங்கியது 1615 போரில் அழிந்தது, அடுத்து வந்த தோகுகாவா குலத்தின் ஆட்சியில் மறுபடி எழுந்த கோபுரமும் 1665-ல் இடி விழுந்து எரிந்தது, இன்று நிற்பது 1931-ல் மக்கள் நன்கொடையில் எழுப்பிய கான்கிரீட் கட்டடம். உள்ளே லிஃப்ட், அருங்காட்சியகம். வயதானவர்களைக் கூட்டிப்போக வசதி. ஆனால் எனக்குப் பிடித்தது அகழியும் மதில்களும்தான், அவை தோகுகாவா காலத்து அசல், அதிலும் சாகுரா வாசலுக்குள் நுழைந்ததும் எதிரே நிற்கும் நூறு டன்னுக்கு மேல் எடையுள்ள ஒற்றைக் கல்லை எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று யோசித்தபடி நின்றுவிட்டேன்.

சரி, சுமியோஷி தைஷா? கடற்பயணம் காக்கும் தெய்வங்களுக்கான, ஜப்பானின் மரபுச் சமயமான ஷிண்டோவின் ஆலயம். நான்கு சன்னிதிகளும் 1810-ல் கட்டிய மரக் கட்டடங்கள், தேசியப் பொக்கிஷங்கள், எல்லாம் கடல் இருந்த மேற்குத் திசையைப் பார்த்தபடி. கூரையில் ஓடு கிடையாது, சைப்ரஸ் மரப்பட்டை. வில்லாக வளைந்த சிவப்புப் பாலத்தில் ஏறி இறங்கி, கை வாய் கழுவி, இரண்டு முறை வணங்கி, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒருமுறை வணங்க வேண்டும். கட்டணம் இல்லை. வணிகர்கள் காணிக்கையாகக் கொடுத்த கல்விளக்குகள் வழியெங்கும் நிற்கின்றன.

ஒன்றுதான் முடியும் என்றால் நான் ஆலயத்துக்கே போவேன். கோட்டையை வெளியே சுற்றி மதிலைப் பார்த்தாலே போதும், அதற்கு டிக்கெட்டும் வேண்டாம்.