எம்ஜிபி காரில் சிலிக்கோன் பிரேக் ஆயில்: எல்லாம் சரி, மிதியைத் தவிர

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கு சிலிக்கோன் பிரேக் ஆயில், அதாவது டாட் 5, ஊற்றலாமா என்று தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய பீனிக்ஸில் இருக்கும் நண்பர் கேட்கிறார். என் காரில் சில ஆண்டுகளாக அதுதான் ஓடுகிறது. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்; பிறகு கோபம் வந்துவிடும்.

தைப்பூசக் காவடி எடுக்கும் மாதங்களில் டர்பனில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அந்த ஈரத்தை வழக்கமான பிரேக் ஆயிலான டாட் 4 சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டே இருக்கும். புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாத ஆயிலுக்கு, ஈரம் ஏறிய பின் தரநிலை கேட்பதே 155 டிகிரிதான். வாரக்கணக்கில் கொட்டகையில் நிற்கும் காருக்கு இது பெரிய தொல்லை. சிலிக்கோன் ஈரத்தை உறிஞ்சாது. பெயின்டையும் அரிக்காது. டாட் 4 கசிந்து தோலுரித்திருந்த இடத்தில், மிதியின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழே, நான் அடித்த புதுப் பெயின்ட் இன்றும் பளபளக்கிறது. இதற்காகவே அந்த ஆயிலைக் கும்பிடலாம்.

ஆனால் பிரேக் குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றும் வேலை, அந்தக் காற்றெடுப்பு, இருக்கிறதே! டப்பாவைக் குலுக்கக் கூடாது. ஆயில் தொட்டியின் சுவரோரமாக நூல் போல் ஊற்ற வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான பின் இடது சக்கரத்தில் தொடங்குவோம். மிதியில் தங்கை மகன்.

"அமுக்கு. அப்படியே பிடி, விட்டுவிடாதே."

சக்கரத்தில் காற்றை வெளியே விடும் திருகான நிப்பிளைச் சற்றே தளர்த்தினால், குழாயில் ஊதா நிற ஆயிலோடு கடுகளவு குமிழிகள் இறங்கும். இறுக்கிவிட்டு, "இப்போது விடு, மெதுவாக" என்பேன். அவன் வேகமாக மிதித்தால் குமிழி நுரையாகிவிடும். பிறகு அது அடங்கக் காத்திருக்க வேண்டும். குழாய் தெளிந்துவிட்டது என்று ஸ்பேனரைக் கழுவி வைத்தால், மறுநாள் காலையில் அதே நிப்பிளில் மறுபடியும் குமிழிகள்.

பின் சக்கர டிரம் பிரேக்கின் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் தளர்ந்திருந்தாலும் மிதி ஆழமாக இறங்கும். ஆனால் அடுத்தடுத்து மிதித்தால் மேலே வந்துவிடும். அதைக் காற்று என்று எண்ணி ஆயிலைக் கொட்டித் தீர்ப்பவர்கள் உண்டு. ஆகவே, சதுரத் தலை அட்ஜஸ்டரைச் சக்கரம் பூட்டிக்கொள்ளும்வரை இறுக்கி, காற்றெடுத்து, பிறகு தளர்த்துகிறேன். இத்தனைக்குப் பிறகும் மிதி மெத்தென்றுதான் இருக்கிறது. குளூஃப் பக்கமிருந்து ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் பைன்டவுனுக்கு வரும்போது கார் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது. காலுக்கடியில் அந்தக் கெட்டித்தன்மை மட்டும் இல்லை. சிலிக்கோன் தானே சற்று அமுங்கும் சரக்கு. அதை எந்த நிப்பிள் வழியாக வெளியேற்றுவது?

எனவே நண்பரே, வேண்டாம். டாட் 4 ஊற்றி, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். நான் மட்டும் ஏன் மாற்றவில்லை என்றால், இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது. குழாய்களைக் கழுவி, ரப்பர் சீல்களை மாற்றி, நான்கு சக்கரத்திலும் மீண்டும் காற்றெடுக்க எனக்குப் பொறுமை இல்லை. அந்தப் பெயின்டும் ஒரு காரணம்.

கேட்காமல் ஊற்றியே தீருவேன் என்றால், 5.1 என்று அச்சிட்ட புட்டியை 5-இன் அடுத்த பதிப்பு என்று வாங்கி வந்துவிடாதீர்கள். அது டாட் 4-இன் இனம். ஈரமும் குடிக்கும், பெயின்டையும் தின்னும்.