பச்சை டிக் ரிப்போர்ட்டை நம்பி 1,38,000 ரூபாய் தண்டம்: தண்ணீரில் நின்ற கார், ஜாக்கிரதை

இன்று காலை கடைசி பில்லும் கைக்கு வந்துவிட்டது. கூட்டினால் 1,38,000 ரூபாய். 4,72,000 கொடுத்து எடுத்த காருக்கு, ஒரு மழைக்காலம் முழுசாகத் தாண்டுவதற்குள் அழுத தண்டம் இது. விற்றவன் ரோட்டோர புரோக்கராக இருந்தாலாவது மனசு ஆறும். விற்றது ஆன்லைனில் பழைய கார் விற்கும் ஒரு பெரிய தளம், கிரிக்கெட் மேட்ச் நடுவில் விளம்பரம் ஓட்டுகிற ரகம். விவகாரம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறது, அதனால் பெயர் எழுதவில்லை. நடந்த விதத்தை எழுதுகிறேன். எப்படிச் சோதிப்பது என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

வண்டி 2018 மாடல் பெட்ரோல், மேனுவல் கியர், ஒரே ஓனர், 41,000 கி.மீ. சென்னை ரெஜிஸ்ட்ரேஷன், விற்பனைக்கு நின்றது கோயம்புத்தூர் யார்டில். குடும்பத்துக்கு மாதம் எழுநூறு எண்ணூறு கி.மீ. ஓட்டம்தான் என்றால் டீசல் பக்கமே போக வேண்டாம். பி.எஸ். 6 புகை விதிப்படி வந்த டீசல் வண்டிகளில் புகைப்போக்கிக்குள் இருக்கும் டி.பி.எஃப். வடிகட்டி, நீண்ட தூரம் சூடாக ஓடினால்தான் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். பள்ளிக்கூடம், கடை, கோயில் என்று ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். ஆகவே சாதாரண பெட்ரோல் இன்ஜின், டைமிங் செயின், எந்த ஊரிலும் ஸ்பேர் கிடைக்கிற மாடல். தேர்வில் குறையே இல்லை. அந்த ஒரு வண்டிதான் அழுகல்.

நம்ப வைத்தது ரிப்போர்ட். 200 பாயின்ட் பரிசோதனை, எல்லாவற்றுக்கும் பச்சை டிக், நாலாபக்கமும் போட்டோ, இன்ஜின் ஓடும் வீடியோ. விற்பனை ஆள் போனைத் திருப்பிக் காட்டிக் கட்டை விரலால் தள்ளிக்கொண்டே போனார். "எங்க இன்ஜினியர் ஒவ்வொரு நட்டா பாத்திருக்கார் சார். இந்த யார்டுலயே இவ்வளவு கிளீன் வண்டி கிடையாது." உள்ளே ஏ.சி. முழு வேகத்தில் ஓடியது. ஏ.சி. வென்ட்டில் எலுமிச்சை வாசனை பாட்டில். தரையில் புத்தம் புது 7டி மேட், சீட்டுக்குப் புது கவர். 41,000 ஓடிய வண்டிக்கு இரண்டையும் சேர்த்து ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டால், "கஸ்டமருக்கு காம்ப்ளிமென்ட் சார்" என்று பதில். 5 நாளுக்குள் திருப்பித் தரலாம், இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரு வருட வாரண்டி என்றும் சேர்த்துச் சொன்னார்கள்.

பேப்பரும் சுத்தம். ஆர்.சி.யில் கடன் பதிவு இல்லை, சலான் பாக்கி இல்லை. பழைய இன்சூரன்ஸ் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதம். அதாவது தொடர்ந்து ஐந்து வருடம் கிளெய்மே இல்லை. இதைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. வரவேண்டும் என்பது பிறகுதான் விளங்கும்.

திருப்பித் தரும் கெடு முடிந்தது. முதல் நல்ல மழையில் ஏர்பேக் விளக்கு எரிந்தது. அன்று மாலை ஒரு யூ-டர்னில் ஸ்டியரிங் திடீரென்று கல்லாகக் கனத்தது. மறுநாள் வெயில் அடித்ததும் எல்லாம் சரி. அடுத்த மழைக்கு மறுபடி, கூடவே டிரைவர் பக்கப் பவர் விண்டோவும். ஈரத்துக்கு வந்து வெயிலுக்குப் போகும் கோளாறு என்றாலே ஒயரிங்கைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

காரின் கோளாறு கோட் படிக்கும் ஸ்கேனரைப் போட்டதில் யு0121, யு0131 என்று இரண்டு கோட். முதலாவது ஏ.பி.எஸ். மாட்யூலோடு (அந்த வேலையைக் கவனிக்கும் சின்னக் கம்ப்யூட்டர்) தொடர்பு அறுந்தது, இரண்டாவது பவர் ஸ்டியரிங் மாட்யூலோடு. 'யு' வரிசைக் கோட் வந்தால் பாகம் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. இரண்டு மாட்யூல்களுக்கு நடுவே பேச்சு நின்றுபோனது என்றுதான் அர்த்தம். இங்கேதான் திருட்டு பிடிபட்டது. பெரும்பாலான கார்களில் 'கோட் அழித்த பின் ஓடிய தூரம்' என்று ஒரு கணக்கு இன்ஜின் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டே இருக்கும். இப்போதைய ஓடோமீட்டர் எண்ணிலிருந்து அதைக் கழித்து, டெலிவரி அன்று குறித்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தால், டெலிவரிக்கு 9 கி.மீ. முன்னால் யாரோ கோட் அத்தனையும் அழித்திருக்கிறார்கள். ஒவ்வொரு நட்டையும் பார்த்தார்களாம்!

வண்டியைப் பிரித்தோம். கதவு நிலைப்படியில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டி வெறும் கிளிப்பில் நிற்பது, கையால் இழுத்தாலே வரும். 7டி மேட்டைக் கழற்றி, கார்ப்பெட் ஓரத்தைத் தூக்கினால், கீழே இருக்கும் கனமான பஞ்சு இன்னும் ஈரம். கட்டை விரலால் அழுத்தினால் கறுப்புத் தண்ணீர் கசிந்தது. அதற்கும் கீழே, தகட்டின் மடிப்புகளில், முகப் பவுடர் மாதிரி நைசான வண்டல். சலவை செய்கிறவர்கள் மேலே மட்டும் ஷாம்பு போட்டு உலர்த்துவார்கள். அடிப்பஞ்சை மாற்ற வேண்டுமென்றால் சீட், கன்சோல் எல்லாம் இறக்க வேண்டும். அந்தச் செலவை யாரும் செய்வதில்லை.

சீட் போல்ட்டுகளின் தலையில் துரு, அதன்மேல் ஸ்பேனர் பட்ட புதுக் கீறல். முன் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தபோது, சாதாரணமாக வெளியே வராத அந்தக் கடைசி ஒரு முழத்தில் குறுக்காக ஒரு பழுப்புக் கோடு. தண்ணீர் நின்ற மட்டம் அது. ஹேண்ட் பிரேக்குக்கு முன்னால், கன்சோலுக்கு அடியில்தான் ஏர்பேக் மாட்யூல் இருக்கும், பெரும்பாலான கார்களில் தரையிலிருந்து சில அங்குல உயரம்தான். அதில் ஒயரைச் செருகும் மஞ்சள் கப்ளரைப் பிரித்தால் உள்ளே பின் எல்லாம் களிம்பு ஏறிப் பச்சையாக இருந்தது. அந்த நிலையில் மோதினால் பலூன் விரியும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. குழந்தைகளை உட்கார வைத்து ஓட்டிய வண்டி. இந்த இடத்தில்தான் ஆத்திரம் அடங்கவில்லை, பணத்துக்குக்கூட இல்லை.

ஏன் உடனே கெடாமல் மாதக்கணக்கு கழித்துக் கெடுகிறது என்று கேட்பவர்களுக்கு: கப்ளர் வழியாக நுழையும் அழுக்குத் தண்ணீர், ஒயரின் செம்பு இழைகளுக்கு நடுவே ஊர்ந்து பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே பல அங்குலம் போய்விடும். வெளியே துடைத்தால் சுத்தம், உள்ளே செம்பு மெல்ல அரிக்கும். ஒயரின் மின்தடை (ரெசிஸ்டன்ஸ்) கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். பல்பு எரிய அந்தத் தடை பெரிதாகத் தெரியாது. மாட்யூல்கள் பேசிக்கொள்ளும் சிக்னலுக்குத் தெரியும். அதனால்தான் டெஸ்ட் டிரைவில் எதுவும் காட்டாது.

50 சதவீத போனஸ் எப்படி வந்தது? மூழ்கிய வண்டியின் இன்ஜினைத் தண்ணீரோடு ஸ்டார்ட் செய்து கெடுத்தால், சாதாரண பாலிசியில் அது பின்விளைவுச் சேதம் என்று கிளெய்ம் தள்ளுபடியாகும். இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் எடுத்தவர்களுக்குத்தான் கிடைக்கும். அந்தக் கவர் இல்லாதவர் கிளெய்மே போடாமல் சலவை செய்து, வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார். கிளெய்ம் இல்லை, போனஸும் போகவில்லை, ரிக்கார்டில் சுவடே இல்லை. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு வந்த வெள்ளம், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி, 2018 ஆகஸ்டில் கேரளம். ஒவ்வொன்றுக்கும் பிறகு இப்படிப்பட்ட வண்டிகள் மழை பெய்யாத ஊர்ச் சந்தைக்கு நகர்கின்றன. இந்த வண்டிக்கு கம்பெனி சர்வீஸ் சென்டரில் 2023 அக்டோபர் வரை ஒழுங்காக சர்வீஸ் என்ட்ரி இருக்கிறது, அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. சென்னை வண்டி எல்லாமே மூழ்கியது என்று சொல்ல வரவில்லை. ஆனால் சர்வீஸ் சீட்டு சரியாக ஒரு வெள்ளத்தோடு நின்றுபோனால், காரணம் கேளுங்கள்.

இன்ஜின் கதை தனி. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம், பார்த்ததில் மூன்று சிலிண்டர் 172-லிருந்து 175 பி.எஸ்.ஐ., ஒன்று மட்டும் 148. தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரை பிஸ்டன் முட்டினால், பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடு இம்மி வளையும். வளைந்த ராடு பிஸ்டனை முழு உயரத்துக்கு ஏற்றாது, கம்ப்ரஷன் குறையும். வண்டி அப்படியே ஓடும், லேசான அதிர்வோடு. என்றைக்கு முறியும் என்று சொல்ல முடியாது. அதை இன்னும் பிரிக்கவில்லை. 1,38,000-ல் அது சேரவும் இல்லை.

இனி, போன் போட்டபோது கிடைத்த பதில்கள். முதலில், "டிக்கெட் ரைஸ் பண்ணிருக்கோம் சார், 48 மணி நேரத்துல டீம் கூப்பிடுவாங்க." கூப்பிடவில்லை. பிறகு, "எலக்ட்ரிக்கல் வாரண்டில வராது சார்." இன்ஜின் வாரண்டியில் இருக்கிறதே, கம்ப்ரஷன் ரிப்போர்ட்டைப் பாருங்கள் என்றால், "வாட்டர் இன்க்ரெஸ் எக்ஸ்க்ளூஷன் சார்." தண்ணீர் புகுந்த சேதத்துக்கு வாரண்டி கிடையாதாம். அப்படியானால் தண்ணீர் போயிருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டதும் லைன் கட். அடுத்த ஆள், "டெலிவரிக்கு அப்புறம் உங்க சைடுல நனைஞ்சிருக்கும்" என்றார். ஒரு மழையில் ஓட்டினால் சீட் பெல்ட் ரீலுக்குள் கறைக்கோடு விழுமா? அந்த ரிலேஷன்ஷிப் மேனேஜர், டெலிவரி அன்று பொக்கே கொடுத்து போட்டோ எடுத்தவர், இப்போது வேறு டிபார்ட்மென்டுக்கு மாறிவிட்டாராம். கடைசியில் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார்கள். பொடி எழுத்தில், பரிசோதனை கண்ணால் பார்த்தது மட்டும், எந்தப் பாகமும் கழற்றப்படவில்லை என்று இருக்கிறது. கார்ப்பெட்டைத் தூக்காத பரிசோதனையில், உட்புறத் தரைக்கும் பச்சை டிக்.

பில் விவரம் கேட்பவர்களுக்கு: தரை ஒயரிங் ஹார்னெஸ் (ஒயர்க் கட்டு) 46,000, பவர் ஸ்டியரிங் யூனிட் 42,000, ஏர்பேக் மாட்யூல் 31,000, கார்ப்பெட்டும் அடிப்பஞ்சும் 11,500, வேலைக் கூலி 7,500. ஆகக்கூடி 1,38,000 ரூபாய்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

டோக்கன் பணம் கொடுக்கும் முன் நிலைப்படிப் பட்டியைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கி, பஞ்சைக் கையால் அழுத்திப் பாருங்கள். விடமாட்டேன் என்றால் அந்த வண்டி வேண்டாம். விலைகூடப் பேச வேண்டாம்.

நாலு சீட் பெல்ட்டையும் கடைசி வரை இழுங்கள். லேபிளில் தயாரித்த வருடம் இருக்கும், ஒன்று மட்டும் வேறு வருடம் என்றால் ஏதோ நடந்திருக்கிறது. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிப் பள்ளத்தையும் ஜாக்கியையும் பாருங்கள்.

ஏ.சி.யை அணைத்து, கண்ணாடியை ஏற்றி, பிளோயரை மட்டும் ஓட விட்டுப் பத்து நிமிஷம் உட்கார்ந்து ஈர நாற்றம் வருகிறதா பாருங்கள். வாசனை பாட்டிலைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு.

கோளாறு கோட்களைப் போனில் காட்டும் ப்ளூடூத் ஓ.பி.டி. ஸ்கேனர் ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள். கோட் இல்லை என்று சந்தோஷப்பட வேண்டாம், கோட் அழித்த பின் எத்தனை கி.மீ. என்று பாருங்கள். ரெடினெஸ் மானிட்டர் (கார் தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனை) 'முடியவில்லை' என்று காட்டினால் சமீபத்தில் துடைத்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

சேஸிஸ் நம்பரைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் நேரடியாக ஹிஸ்டரி கேளுங்கள், விற்பவர் காட்டும் பி.டி.எஃப்.பை நம்ப வேண்டாம். பெயர் மாறியதும் 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் சொந்தச் சேதத்துக்கு கிளெய்ம் வாங்குவது பெரும்பாடு.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள், பிரிக்கும்போதே தேதியோடு வீடியோ எடுங்கள், கழற்றிய கப்ளரைத் தூக்கிப் போடாதீர்கள், போனில் பேசியதை எல்லாம் மெயிலிலும் எழுதுங்கள். முதலில் 1915 நுகர்வோர் உதவி எண். அதில் நடக்காவிட்டால் மாவட்ட ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.