செந்தோசா ஐஃபிளை: ஸ்கைடைவிங் பழகுகிறவர் எவ்வளவு காசு போடலாம்?

சிங்கப்பூரில் இருந்துகொண்டு ஸ்கைடைவிங் பழகுவது செலவு பிடித்த கிறுக்கு. சனிக்கிழமை காலையில் கிளம்பிப் போய் இரண்டு ஜம்ப் அடித்துவிட்டு வர இங்கே டிராப் சோன், அதாவது விமானத்திலிருந்து குதிக்கும் இடம், இல்லை. நான் ஏ.எஃப்.எஃப் (பயிற்றுநர் கூடவே குதித்துச் சொல்லித்தரும் தொடக்கப் பயிற்சி) படித்ததும், முதல் படியான ஏ லைசென்ஸுக்கு வேண்டிய 25 ஜம்ப்பை முடித்ததும் தாய்லாந்தில், பட்டாயா பக்கம். ஒவ்வொரு தடவையும் விமான டிக்கெட், தங்கும் செலவு. மழை பிடித்துக்கொண்டால் ஹேங்கரில் உட்கார்ந்து வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். செந்தோசாவில் பீச் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் ஐஃபிளையை, கீழிருந்து அடிக்கும் காற்றில் ஆளை மிதக்கவிடும் அந்தக் காற்றுச் சுரங்கத்தை (டனல்), நான் அதனால்தான் வேறு கண்ணோடு பார்க்கிறேன். வெளியே கொட்டினாலும் உள்ளே காற்று ஓடும்.

பிறந்தநாளுக்கு ஒரு தடவை பறந்து பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. தாராளமாகப் போங்கள், ஜாலியாக இருக்கும். ஏ.எஃப்.எஃப் சேரப்போகிறவர்களுக்கும், லைசென்ஸ் வாங்கியும் காற்றில் இன்னும் தள்ளாடிக்கொண்டிருப்பவர்களுக்கும்தான் இது.

முதலில் கணக்கு. 13,000 அடியில் வெளியேறி, மாணவர்களுக்கு வழக்கமான 5,500 அடியில் பாராசூட்டைத் திறந்தால் ஃப்ரீஃபால், அதாவது பாராசூட் திறக்கும்வரை விழும் நேரம், ஏறக்குறைய முக்கால் நிமிடம். அதில் முதல் பத்து வினாடி வேகம் பிடிக்கவே போய்விடும். கடைசியில் திறக்கப்போகிறேன் என்று கையசைத்துவிட்டுப் பாராசூட்டின் கைப்பிடியைத் தேட வேண்டும். நடுவில் எதையாவது பழக அரை நிமிடம் மிஞ்சினால் பெரிது. டனலில் பத்து நிமிடம் வாங்கினால் பன்னிரண்டு, பதின்மூன்று ஜம்ப்பின் ஃப்ரீஃபால் நேரம் கையில் வருகிறது. எல்லா டனல்காரர்களும் இந்தக் கணக்கைத்தான் சொல்லி விற்பார்கள். கணக்கில் தப்பில்லை. ஆனால் டனல் நிமிடமும் வானத்து நிமிடமும் ஒன்றல்ல; அதற்குப் பிறகு வருகிறேன்.

ஐஃபிளை சிங்கப்பூர் திறந்தது 2011-இல். உயரம் 56.5 அடி, அகலம் 16.5 அடி, பறக்கும் பகுதியைச் சுற்றி 18 அடி உயரத்துக்கு அக்ரிலிக் சுவர். விளம்பரத்தில் உயரத்தைத்தான் பெரிதாகப் பேசுவார்கள். புது ஜம்பருக்கு வேண்டியது அகலம். பல ஊர்களில் டனல் 14 அடி, பழையதாக இருந்தால் 12 அடிகூட உண்டு. அதில் தனியாகத் திரும்பிப் பழகலாம். இரண்டு பேர் சேர்ந்தால் முட்டி மோதல்தான். செந்தோசாவில் இரண்டு பேர் விலகிப் போய், நிதானமாக வந்து பிடிக்க இடம் இருக்கிறது. கடல் தெரிகிறது என்பார்கள். பறக்கும்போது நான் பார்த்ததெல்லாம் கோச்சின் விரல்களைத்தான்.

அந்த விரல்களுக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். இரண்டு விரலை நீட்டினால் காலை நீட்டு, இரண்டையும் மடக்கினால் காலை மடக்கு, முகவாய்க்குக் கீழே ஒரு விரல் என்றால் தலையைத் தூக்கு, கட்டைவிரலும் சுண்டுவிரலும் ஆடினால் உடம்பைத் தளர்த்து. ஏ.எஃப்.எஃப் ஜம்ப்பிலும் ஏறக்குறைய இதே சைகைகள்தான். ஆனால் அங்கே மூளைக்கு எட்டுவதற்குள் மணிக்கட்டில் கட்டிய ஆல்டிமீட்டர் (உயரமானி) அடுத்த ஆயிரம் அடிக்குப் போயிருக்கும். டனலில் கோச் ஒரே சைகையை நாலு தடவை காட்டலாம், கிட்டே வந்து காலைப் பிடித்தே நீட்டிவிடலாம்.

என் கோளாறு பின்னோக்கி வழுக்குவது. முழங்காலை அளவுக்கு மீறி மடக்கிவைத்துக்கொண்டு, கைகளை முன்னால் நீட்டிக் காற்றை அமுக்கினால் உடம்பு பின்னால் போகும். வானத்தில் இது எனக்குத் தெரியவே இல்லை. பக்கத்தில் அளந்து பார்க்க மரமா, தூணா, என்ன இருக்கிறது? சும்மா ஓரிடத்தில் மிதப்பதாகத்தான் தோன்றும். டனலில் கால் போய்ச் சுவரில் இடிக்கும். சுவர் பொய் சொல்லாது, யாருக்கும் முகஸ்துதி செய்யாது. ஒரு காலை மற்றதைவிடக் கூடுதலாக நீட்டுகிறவர்கள் தங்களை அறியாமல் சுற்றிக்கொண்டே இருப்பார்கள்; அதுவும் இங்கே இரண்டாவது ரவுண்டிலேயே பிடிபட்டுவிடும்.

அடுத்த கட்டம் ஆளோடு ஆள் பறப்பது. எனக்கு டனலால் கிடைத்த பெரிய லாபம் இதுதான். உட்லண்ட்ஸிலிருந்து வரும் ஓர் அண்ணன் என்னோடு நேரத்தைப் பகிர்ந்துகொள்வார். என்னைவிட முப்பது கிலோ கூட இருப்பார். வானத்தில் நாங்கள் சேர்ந்து குதித்தால் அவர் கல் மாதிரி இறங்கிவிடுவார், நான் மேலே தவித்துக்கொண்டிருப்பேன். டனலில் தனியாகப் பறந்தால் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் நம் எடைக்குத் தோதாகக் காற்றை வைத்துவிடுவார், பிரச்சினையே தெரியாது. இரண்டு பேரும் ஒன்றாக நுழைந்தால்தான் குட்டு வெளிப்படும். நான் இடுப்பை அழுத்தி, உடம்பின் வளைவை (ஆர்ச்) கூட்டி, கைகாலைக் குறுக்க வேண்டும். அவர் உடம்பைத் தட்டையாக்கி விரிய வேண்டும். எனக்கு ஒட்டிய சூட், அவருக்குத் தொளதொள சூட். “நீ கீழ வா தங்கச்சி, என்னால மேல வர முடியாது” என்பது அவருடைய நிரந்தர வசனம். பத்து ஜம்ப் டிக்கெட்டில் எங்களுக்குப் பிடிபடாதது இங்கே ஒரே மாலையில் பிடிபட்டது.

சரி, எதை வாங்குவது? முதன்முறை பறப்பவர்களுக்கான பேக்கேஜ் நமக்கானது அல்ல. அதில் வகுப்பு, உடை, சான்றிதழ் எல்லாம் சேர்ந்து வரும், காற்றில் இருப்பதோ மிகக் கொஞ்ச நேரம். நிமிடக் கணக்கில் மொத்தமாக எடுக்கும் நேரம் மலிவு, கூட்டம் இல்லாத வாரநாளில் இன்னும் மலிவு. அதை இரண்டு நிமிடம், ஒன்றரை நிமிடம் என்று பிரித்து, நடுவே வெளியே வந்து மூச்சு வாங்கிப் பறக்க வேண்டும். தொடர்ந்து ஐந்து நிமிடம் எடுத்தால் மூன்றாவது நிமிடத்திலேயே தோள் கெஞ்சும். தோள்மூட்டு ஏற்கெனவே விலகியவர்கள் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மணிக்கு 200 கிலோமீட்டர் காற்று ஈவு இரக்கம் பார்க்காது. மூக்குத்தியை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போவது நல்லது.

பதிவு செய்யும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: கோச் நிஜத்தில் குதிப்பவரா? டனல் கோச் எல்லாரும் ஸ்கைடைவர் அல்ல. அவர்கள் பறப்பதைப் பார்த்தால் வாய் பிளக்கும், ஆனால் முதுகில் பாராசூட்டோடு பறப்பது எப்படி இருக்கும், எந்த உயரத்தில் பிரிந்து விலக வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் பேச்சில் வராது. வேறொரு நாட்டு டனலில் எனக்கு அமைந்தவர் ஒவ்வொரு ரவுண்டுக்கும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, வெளியே வந்ததும் போனை எடுத்துக்கொண்டார். வீடியோவைப் போட்டுப் பார்க்கவே இல்லை. அதற்குக் கொடுத்த காசை நினைத்தால் இன்றைக்கும் எரிகிறது. ரவுண்டுக்கு நடுவே வீடியோவை ஓட்டி, இந்த இடத்தில் உன் இடது முழங்காலைப் பார் என்று சொல்கிறவர் கிடைத்தால், நிமிடம் குறைந்தாலும் பரவாயில்லை, அவரை விடாதீர்கள்.

நல்ல டனல் பறப்பவர் நல்ல ஸ்கைடைவராகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. சிங்கப்பூரின் கைரா போ சிறுமியாக இருந்தபோதே இந்தச் செந்தோசா டனலில் பழகியவர். 2017-இல் ஸ்பெயினில் நடந்த விண்ட் கேம்ஸ் என்ற டனல் போட்டியில் தனிநபர் ஃப்ரீஸ்டைலிலும் வேகப் போட்டியிலும் தங்கம் வாங்கினார். அப்போது அவர் பள்ளிப் பெண். பெரும்பாலான டிராப் சோன்களில் குதிக்கவே 18 வயது ஆக வேண்டும். தலைகீழாகச் சுழலும் பொடியன்களைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கும்போது நம் லைசென்ஸ் அட்டையை மறைத்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

ஒரு தடவை அம்மாவைக் கூட்டிப் போனேன். முழுக்கப் பார்த்துவிட்டு, “ஆகாசத்துல இருந்து குதிக்கறதுக்கு இது எவ்வளவோ தேவலையே, இதையே வச்சுக்கக் கூடாதாடி?” என்றார். அம்மா கேட்டதில்தான் நான் முன்பு தள்ளிவைத்த விஷயம் இருக்கிறது. டனலில் விமானக் கதவு இல்லை, வெளியேறும் நொடி இல்லை. உயரம் குறைவதில்லை, ஆகவே ஆல்டிமீட்டரைப் பார்க்கும் பழக்கமே விட்டுப்போகும். கோச்சின் முகத்தையே பார்த்துப் பழகிய கண், வானத்திலும் எதிராளியின் முகத்திலேயே நிற்கும், அது ஆபத்து. அதனால் டனலிலும் நான் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொள்வேன், அங்கே ஒன்றும் கட்டியிருக்காவிட்டாலும். பிரிந்து விலகும் டிராக்கிங்கைப் பழக இடம் போதாது. பாராசூட் ஓட்டுவது பற்றி டனல் ஒன்றும் சொல்லித்தராது. ஸ்கைடைவிங்கில் கடும் விபத்துகள் பலவும் நன்றாகத் திறந்த பாராசூட்டுக்குக் கீழே, தரையிறங்கும்போது நடப்பவை. அமெரிக்க ஸ்கைடைவிங் சங்கமான யு.எஸ்.பி.ஏ-வின் அடுத்த படியான பி லைசென்ஸுக்குப் பாராசூட் ஓட்டும் பயிற்சியைக் கட்டாயமாக்கியிருப்பது சும்மா இல்லை.

ஆகவே ஏ.எஃப்.எஃப் தொடங்கும் முன் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். லைசென்ஸுக்குப் பிறகு அரை மணி நேரத்தை வாங்கி இரண்டு மூன்று மாலைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள், முடிந்தால் அடுத்த பயணத்துக்கு முந்தைய வாரங்களில். மிச்சக் காசு ஜம்ப் டிக்கெட்டுக்கும் பாராசூட் வகுப்புக்கும் போகட்டும். ஏ லைசென்ஸ் வைத்திருந்து, ஐம்பத்தைந்து அறுபது கிலோ எடையில், வாரநாள் மாலையில் நேரத்தைப் பகிர்ந்துகொள்ள யாராவது இருந்தால் சொல்லுங்கள். என் எடையிலேயே ஒருவரோடு பறந்து பார்க்க ஆசையாக இருக்கிறது. அண்ணன் கோபித்துக்கொள்ள மாட்டார்.