ரெக்ஸ் முயல் என்று 6,500 ரூபாய்க்குத் தலையில் கட்டிய கதை: சேலத்துக்காரர்களே, உஷார்

6,500 ரூபாய். இன்று மதியம் அந்தக் கடைக்காரர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் வழக்கம்போல "போனது போகட்டும்" என்று விட்டுவிடுவேன், என் சுபாவம் அப்படி. கடையின் பெயரைப் போடவில்லை. சேலம் டவுனுக்குள் ஒரு செல்லப்பிராணிக் கடை, வாசலில் மீன் தொட்டி, உள்ளே லவ் பேர்ட்ஸ், நாய்க்குட்டி. அவ்வளவுதான் சொல்வேன். பெயர் போட்டால் அந்த ஆள் என் மேலேயே கேஸ் போடுவான் என்று மச்சான் பயமுறுத்துகிறான்.

நான் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் சின்னதாகக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வெள்ளியைக் கையில் வாங்கினதும் டச், அதாவது சுத்தம், எவ்வளவு இருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடுவேன். சொன்னாலும் டெஸ்டிங்குக்குக் கொடுக்காமல் யாருக்கும் காசு கொடுத்ததில்லை, சொந்த சித்தப்பாவுக்குக்கூட. அப்படிப்பட்டவன்தான் ஒரு முயல் விஷயத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருக்கிறேன்.

பாப்பா ஏழாவது முடித்தாள். இரண்டு வருஷமாக முயல் முயல் என்று உயிரை எடுத்தாள். எந்த முயலும் இல்லை, ரெக்ஸ்தான் வேண்டுமாம். போனில் பார்த்து வைத்திருக்கிறாள். சாந்தமான ஜாதி, தூக்கினால் உதறாது, நடுத்தர அளவு, முடி வெல்வெட் துணி மாதிரி இருக்கும் என்று எனக்கே பாடம் எடுத்தாள். பரீட்சை முடியட்டும் என்று சொல்லியிருந்தேன், முடிந்தது. ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமை போனோம்.

அந்த அரைமணி நேரத்தைத்தான் மறுபடி மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். கூண்டிலிருந்து எடுக்கவில்லை, உள்ளே ஒரு அறைக்குப் போய்த் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். சாம்பல் நிறம். பாப்பாவை ஸ்டூலில் உட்காரச் சொல்லி மடியில் வைத்தார். அது அசையவே இல்லை. "அப்பா, வெல்வெட்டுப்பா" என்றாள். நானும் தடவினேன். நிஜமாகவே வெல்வெட்தான்.

"ரெக்ஸ்ணா. பிரான்ஸ் ஜாதி. ஏற்காட்டுல நம்ம பண்ணையில பிறந்தது, நாலு மாசக் குட்டி, பொட்டை. குளிர்ல வளர்ந்ததால முடி இப்படி நிக்குது."

மீசை ஏன் கட்டையாக இருக்கிறது என்று பாப்பா கேட்டாள். "ரெக்ஸுக்கு மீசை அப்படித்தான் பாப்பா" என்றார். அப்புறம் ஒன்று சொன்னார் பாருங்கள், அதில்தான் நான் விழுந்தேன். "இப்ப கொண்டு போகாதீங்ணா, வெயில் கொளுத்துது, முயலுக்குச் சூடு ஆகாது. ஏழு மணிக்கு மேல வந்து எடுத்துக்குங்க." வியாபாரத்தைவிட முயல் மேல் அக்கறை உள்ள ஆள் என்று மனசு சொல்லிவிட்டது. ஒரு வாரம் வைத்துப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் காசைக் கையில் தருகிறேன் என்றும் சொன்னார். 7,500 சொன்ன விலையைப் பாப்பா முகத்துக்காக 6,500 ஆக்கினார். கூண்டு தனி, 1,400. வெயில் நேரத்து வெளிச்சத்தில் வாசலில் வைத்து நான் அந்த முடியைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் ஏழு மணி என்று இப்போது தோன்றுகிறது. சூடு ஆகாது என்பது மட்டும் உண்மை, 30 டிகிரிக்கு மேல் போனாலே முயல் திணறும், நம் ஊரில் ஏப்ரல் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பட்டு என்று பெயர் வைத்தாள்.

மூன்றாவது வாரம் பட்டுவின் முதுகில் நீளநீளமாக முடி எட்டிப் பார்த்தது, முதல் மழைக்கு அருகம்புல் முளைக்கிற மாதிரி. தடவினால் வெல்வெட் இல்லை, குத்துகிறது. மீசையும் நேராக நீண்டுகொண்டே வந்தது. மூக்கிலும் காது ஓரத்திலும் வெள்ளையாகப் பொருக்கு. ஓயாமல் சொறிந்தது. நாலு நாளில் பாப்பாவின் மணிக்கட்டிலும் சொறி.

அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மா ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. முடியைப் பிரித்துக் காட்டினார். சாதாரண முயலுக்கு அடியில் மெத்தென்று ஒரு முடி, அதற்கு மேலே நீண்டு நிற்கிற காவல் முடி என்று இரண்டு அடுக்காம். ரெக்ஸுக்கு அந்த மேல்முடியும் அடிமுடி அளவுக்கே குட்டையாக நின்றுவிடும், அதனால்தான் வெல்வெட். "இதுக்கு ட்ரிம்மர் போட்டிருக்காங்க. சொறி வந்த இடம் தெரியாம இருக்கவும் வெட்டியிருக்கலாம்" என்றார். மீசையையும் கத்தரித்திருக்கிறார்கள். ரெக்ஸின் மீசை குட்டையாக இருக்கும் என்பது நிஜம், ஆனால் அது சுருண்டிருக்கும். எடை இரண்டு கிலோகூட இல்லை. வளர்ந்த ரெக்ஸ் மூன்றரைக்கு மேல் நாலரை கிலோ வரை வருமாம். "இது இனி வளராது, ஒரு வயசு தாண்டிடுச்சு" என்று நகத்தையும் பல்லையும் காட்டினார். கடைசியாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கடாங்க" என்றார். பாப்பா அப்போதும் பட்டு என்றுதான் கூப்பிட்டாள்.

என்ன கூண்டு என்று கேட்டார். அடியிலும் கம்பிதான் என்றேன். ரெக்ஸுக்கு உள்ளங்காலில் முடி ரொம்ப மெல்லிசு, கம்பி மேல் வைத்தால் கால் புண்ணாகிவிடும், அந்த ஜாதியை உண்மையில் வளர்க்கிறவர் இந்தக் கூண்டை விற்கவே மாட்டார் என்றார். 1,400 ரூபாய்க்கு ஆதாரத்தையும் நானே வாங்கி வந்திருக்கிறேன்!

சொறிக்கு ஊசி போட்டார், பதினாலு நாள் கழித்து இன்னொன்று. நாய்க்கு உண்ணிக்குப் போடுகிற சொட்டு மருந்தைக் கடைக்காரர்கள் கொடுப்பார்கள், ஃபிப்ரோனில் இருக்கிற மருந்து எதையும் முயலுக்குப் போட்டுவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து என்று இரண்டு தடவை சொன்னார்.

இனி கடைக்காரர். முதல் போனில், "சீசன் முடி மாறுதுணா." இரண்டாவது போனில், "கேரட் போட்டீங்களா? அதான் முடி நீளுது." கேரட் தின்றால் முடி நீளும் என்றால் என் வழுக்கைக்கு நான் மூட்டையாக வாங்கியிருப்பேன். நேரில் போனால் கடைப் பையன், ஓனர் கோயம்புத்தூர் போயிருக்கிறார் என்கிறான். உள் அறையில் ஓனர் இருமுகிறார். நான்காவது முறை பேசும்போது அண்ணா போய் சார் வந்துவிட்டது. "சார், பில்லில ரெக்ஸ்னு எழுதியிருக்கா?"

எடுத்துப் பார்த்தேன். "முயல் - 1, ரூ. 6,500. விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது." அவ்வளவுதான். தங்கக் கலர் முத்திரை ஒட்டின ஒரு சர்டிபிகேட் கொடுத்திருந்தார், அதில் ரெக்ஸ் இருக்கிறது, கையெழுத்து இல்லை. பட்டறையில் நூறு கிராம் கொடுத்தாலும் எடையும் டச்சும் எழுதி வாங்குகிறவன் நான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அப்புறம், "எனக்குச் சம்பந்தமில்லை, பண்ணையில் கேளுங்க" என்றார். பண்ணை நம்பர் சுவிட்ச் ஆஃப். சர்டிபிகேட்டில் ஏற்காடு, நாகலூர் என்று மொட்டையாக ஒரு விலாசம். விடுவேனா? போன செவ்வாய்க்கிழமை வண்டியை எடுத்தேன். இருபது கொண்டை ஊசி வளைவு, பாதியில் எஞ்சின் சூடாகி நிறுத்தி, திரும்ப எடுத்து மேலே போய்ச் சேர்ந்தால் காபித் தோட்டம், சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி, பலா. முயல் பண்ணை என்று ஒன்று இல்லவே இல்லை. டீக்கடைப் பெரியவர் சிரித்தார். "இங்க காட்டுமுயல்தான் தம்பி இருக்குது. அதைத் தொட்டா பாரஸ்ட்டுக்காரன் உன்னைத் தொடுவான்."

கீழே இறங்கின ராத்திரி போனில் தேடித் தேடிப் படித்தேன். 1919இல் பிரான்சில் ஒரு கிராமத்தில் குட்டை முடியோடு பிறந்த குட்டிகளை ஒரு பாதிரியார் சேர்த்து வளர்த்துத்தான் இந்த ஜாதியே வந்திருக்கிறது. தாய், தகப்பன் இரண்டு பக்கமும் அந்த மரபணு வந்தால்தான் குட்டிக்கு வெல்வெட் முடி. குளிருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதை வாங்குவதற்கு முந்தின நாள் படித்திருந்தால் 6,500 ரூபாய் மிச்சம்.

சரி, வாங்கப் போகிறவர்கள் என்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் ஆரம்பித்தேன், இப்போதே மணி பதினொன்று. சுருக்கமாக: பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முடியை எதிர்ப்பக்கம் தடவுங்கள், நுனி குத்தினால் வெட்டினது. மீசை சுருண்டிருக்கிறதா பாருங்கள். காது ஓரம், மூக்கு, பாதம் மூன்றில் எதிலாவது பொருக்கு இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். பில்லில் ஜாதி, வயது, ஆணா பெண்ணா மூன்றும் எழுதச் சொல்லுங்கள். 2018 விதிப்படி செல்லப்பிராணிக் கடைக்கு மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு இருக்க வேண்டும், அதைக் கேளுங்கள். நான் எதையும் கேட்கவில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் கொடுத்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லையாம். 6,500 ரூபாய்க்கு எத்தனை நாள் பட்டறையை மூடிவிட்டு அலைவது என்று வீட்டில் கேட்கிறாள், அதற்குத்தான் பதில் இல்லை.

முயலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பாதிக் காசாவது கேட்கலாமே என்று மச்சான் சொன்னதிலிருந்து பாப்பா அவனோடு பேசுவதில்லை. நாளைக்கு இரண்டாவது ஊசி. எட்டு மணிக்கே போனால்தான் கூட்டத்துக்கு முன்னால் சீட்டு வாங்கலாம்.