மழைக்குத் தாக்குப்பிடித்த ரொக் அல்பங்கள்: ஒரு நீண்டகாலக் கேட்பனுபவம்

இலங்கை மலையகத்தின் ஹட்டன், டிக்கோயா, நோர்வூட் பக்கத்து ரொக் ரசிகர்கள் சிலர் பல ஆண்டுகளாக ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டு வருகிறோம். முறை வைத்து ஒருவர் தமக்குப் பிடித்த பழைய ரொக் அல்பம் ஒன்றை முன்மொழிவார். மற்றவர்கள் அதை முதற்பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, வரிசை மாற்றாமல், ஒரே இருப்பில் கேட்க வேண்டும். கேட்ட கையோடு தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஒரு மழைக்காலமாவது அதனோடு பழகிய பின்னரே, அது பட்டியலில் நிற்கலாமா, நீக்கப்பட வேண்டுமா என்று பேசலாம். எனவே உலகத்துப் பத்திரிகைகள் போட்ட ‘சிறந்த அல்பங்கள்’ பட்டியலை நான் இங்கே திருப்பி ஒப்புவிக்கப் போவதில்லை. முன்மொழியப்பட்ட அல்பங்களை மலையகத்து வீடுகளில், கையிலிருந்த கருவிகளில், நீண்டகாலம் கேட்டுப் பழகியபோது எவை நிலைத்தன, எவை சலித்தன என்பதையே எழுதுகிறேன்.

ஒரு குழுவின் புகழ்பெற்ற பாட்டுகளைத் திரட்டிய தொகுப்பு அல்பங்களை முன்மொழியக் கூடாது என்ற விதிதான் தொடக்கத்திலேயே பெரிய வாக்குவாதத்தைக் கிளப்பியது. தோட்டங்களில் வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு இந்த இசை வந்து சேர்ந்த வழி, கெசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் நகரத்துக் கடையான ரெக்கோடிங் பார். பாட்டுகளின் பெயர்களைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் சில நாளில் கெசட் கைக்கு வரும். அதில் ஈகிள்ஸ் குழுவை அடுத்துக் கிரீடன்ஸ் (கிரீடன்ஸ் கிளியர்வோட்டர் ரிவைவல்) குழு இருக்கும். இடம் மிஞ்சினால் கடைக்காரரே தமக்குப் பிடித்த பைலா ஒன்றையும் கடைசியில் போட்டுக் கொடுத்திருப்பார். ஆகவே பாட்டுகளை எங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பாட்டுகள் எந்த வீட்டுப் பிள்ளைகள் என்பது தெரியாது. 1976 பெப்ரவரியில் வெளிவந்த ஈகிள்ஸின் தொகுப்பு அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற அல்பங்களின் முன்வரிசையில் நிற்பது. அதை ஏன் ஒதுக்க வேண்டும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அது நல்ல பாட்டுகளின் சேர்க்கை என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதே ஆண்டு டிசெம்பரில் வந்த ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’வை முழுதாகக் கேட்டவர்கள் பிறகு அந்தக் கேள்வியை எழுப்பவில்லை.

அந்த அல்பத்தை முன்மொழிந்தவர், தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர். கொழும்பில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியிருந்த இளைஞர் ஒருவர் உடனே மடக்கினார்: “அண்ணே, அந்த ஒரு பாட்டுக்காகத்தானே சொல்றீங்க?” அவர் அசரவில்லை. “அந்தப் பாட்ட விட்டுட்டு மத்ததக் கேளுங்க தம்பி. கடைசிப் பாட்டு வரைக்கும் வாங்க, அப்புறம் பேசுவோம்.” கடைசிப் பாட்டான ‘த லாஸ்ட் ரிசோர்ட்’ ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடுவது. சொர்க்கத்தைத் தேடி மேற்கு நோக்கிப் போனவர்கள், அங்கே ஏற்கெனவே வாழ்ந்தவர்களின் நிலத்தைப் பிடித்து, கடைசியில் அந்தச் சொர்க்கத்தையே கட்டடங்களால் மூடிய கதையைச் சொல்வது. கோப்பிக்காகக் காடழிக்கப்பட்டு, கோப்பி நோயில் மடிந்தபின் தேயிலை நடப்பட்ட மலைகளில், தம் பெயரில் ஒரு பேர்ச் நிலம்கூட இல்லாத லயத்துக் காம்பராக்களில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டு அறைகளில்) பிறந்தவர்கள் அதை வெறும் அமெரிக்கக் கதையாகக் கேட்டுவிட முடியாது. அல்பத்தின் பெயரையே கொண்ட முதற்பாட்டு இப்போது எனக்கு ஓரளவு சலித்துவிட்டது. கல்யாண வீட்டு பேண்ட் முதல் பஸ் வரை எங்கும் அதைக் கேட்டாயிற்று. கடைசிப் பாட்டு சலிக்கவில்லை. புகழ்பெற்ற பாட்டை எடுத்துவிட்டாலும் மிச்சம் நிற்குமா என்பதே அதன்பிறகு எங்கள் முதற்சோதனை ஆயிற்று.

இரண்டாவது சோதனையை நாங்கள் வகுக்கவில்லை. தகரக் கூரை வகுத்தது. மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை இந்தச் சரிவுகளில் நின்று பெய்யும். கூரையில் விழும் மழையின் இரைச்சல் எல்லாச் சுருதிகளிலும் ஒருசேரப் பரவியிருப்பதால், அதற்குக் கீழே ஒலிக்கும் மெல்லிய ஓசைகள் அத்தனையும் மறைந்துபோகும். பிங்க் ஃபுளோய்டின் ‘த டார்க் சைட் ஒஃப் த மூன்’ இதயத்துடிப்போடு தொடங்கி இதயத்துடிப்போடு முடிவது. ஜூன் மாதத்தில் அந்த இரு முனைகளும் எங்களுக்கு இல்லை. திடீரென்று ஓர் அலறலோடு நடுவில் தொடங்கிய அல்பமாகவே அது கேட்கும். 1975இல் வந்த ‘விஷ் யூ வேர் ஹியர்’ இன்னும் மோசம். கிட்டார் அந்த நான்கு சுரங்களை வாசிக்கக் கிட்டத்தட்ட நான்கு நிமிடம் ஆகிறது; அதுவரை மெல்ல விரியும் சிந்தசைசர் ஒலியில் பாதியை மழை விழுங்கிவிடும். சத்தத்தைக் கூட்டலாம் என்றால் லயத்தில் சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. விடியமுன் எழுந்து, சமைத்து வைத்துவிட்டு, கொழுந்து பறிக்கப் போக வேண்டிய பக்கத்து வீட்டு அக்காவுக்கு அந்தக் கிட்டாரை வாசித்த டேவிட் கில்மரின் அருமையை எடுத்துச் சொல்ல எவருக்கும் துணிவில்லை.

இதற்கு நேர் எதிரான அனுபவம் டீப் பேர்ப்பிளின் ‘மெஷின் ஹெட்’. ஜோன் லோர்டின் ஹமண்ட் ஓர்கனும் ரிச்சி பிளாக்மோரின் கிட்டாரும் மழையைப் பிளந்துகொண்டு வருகின்றன. அந்த அல்பம் பதியப்பட்ட விதமும் இதில் சேர்ந்திருக்கிறது என்பது என் எண்ணம். 1971 டிசெம்பரில், சுவிட்சர்லாந்தின் மொன்த்ரேயில், பதிவுக்காகத் திட்டமிட்டிருந்த கசினோ, ஃபிராங்க் ஸப்பாவின் நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோதே தீப்பற்றி எரிந்துபோனது. குழுவினர், குளிர்காலத்துக்காக மூடப்பட்டிருந்த ஒரு ஹோட்டலின் நடைபாதையில் மெத்தைகளை நிறுத்தி ஒலியை அடக்கி, ரோலிங் ஸ்டோன்ஸின் நடமாடும் பதிவு வாகனத்தைக் கொண்டு வேலையை முடித்தார்கள். ஏழே பாட்டு, 37 நிமிடம் சொச்சம். ஏரியின் மேல் பரவிய புகையைப் பற்றிய பாட்டின் முதல் வரிசைச் சுரங்களைக் கிட்டார் பிடிக்கத் தெரியாதவர்கூட இங்கே ஒற்றைத் தந்தியில் வாசித்துக் காட்டுவார். ஆனால் முழு அல்பத்தோடும் பழகிய பிறகு என் மனதில் தங்கியது, பயணம் போகும் வேகத்தில் ஓடும் அதன் முதற்பாட்டுத்தான்.

மழைக்காலத்துக்கென்றே புதிதாக மெருகேற்றிய பதிப்புகளை இறக்கிப் பார்த்தவர்களும் எங்களில் உண்டு. 1990களின் பிற்பகுதியிலிருந்து வந்த இத்தகைய பதிப்புகள் பலவற்றில் மெல்லிய பகுதிகளைத் தூக்கி, உரத்த பகுதிகளுக்குச் சமமாக்கியிருப்பார்கள். தகரத்தின் கீழே அவை தெளிவாகக் கேட்கின்றன என்பது உண்மை. இருபது நிமிடம் கழித்துக் காது களைத்துப் போகிறது என்பதும் உண்மை. மழை விட்ட ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் பழைய பதிப்பையும் புதியதையும் அடுத்தடுத்துக் கேட்டால், புதியதில் மூச்சுவிட இடமில்லாமல் இருப்பது எவருக்கும் புரியும்.

ஈரம் கெசட்டுகளுக்குச் செய்யும் கொடுமை வேறு. மூடிவைத்த அலுமாரிக்குள் நாடாவின் விளிம்பில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடிக்கும். கவனியாமல் ஓட்டினால் அது ஹெட்டில், அதாவது கருவியில் நாடாவைப் படிக்கும் முனையில், ஒட்டி, முதலில் உச்ச சுருதிகள் மங்கும். பிறகு ஓசை போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டையும் ரப்பர் உருளையையும் துடைப்பதும், அலுமாரிக்குள் சிறிய பல்ப் ஒன்றை எரியவிடுவதும் இங்கே கெசட் வைத்திருப்பவர்களின் வழக்கமான வேலைகள். ஃபிளீட்வுட் மேக்கின் ‘ரூமர்ஸ்’ அல்பத்தை முன்மொழிந்த பாடசாலை ஆசிரியை அதன் வரலாற்றைச் சொன்னபோது எங்களுக்கு அதில் தனி ஈடுபாடு உண்டானதற்கு இதுவே காரணம். 1977 பெப்ரவரியில் வெளிவந்த அந்த அல்பத்தின் மூலநாடா, பதிவுக் காலத்தில் திரும்பத் திரும்ப ஓட்டப்பட்டதால் தேய்ந்து, பறையொலிகளின் கூர்மை போய்விட்டிருந்தது. அடிப்படை இசை பதியப்பட்டிருந்த, அதிகம் ஓட்டப்படாத இன்னொரு நாடாவோடு அதைக் கையால் இசைவித்து ஓட்டி அல்பத்தைக் காப்பாற்றினார்கள். கோடிக்கணக்கில் விற்ற அல்பத்துக்கும் எங்கள் அலுமாரிக்கும் ஒரே வியாதி.

அதே அல்பத்துக்காகக் குழுவின் பாடகி ஸ்டீவி நிக்ஸ் எழுதிய ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ என்ற பாட்டு, இசைத்தட்டில் இடம் போதாமையால் வெளியே நிறுத்தப்பட்டு, தனித்தட்டு (பக்கத்துக்கு ஒரு பாட்டு வரும் சிறிய இசைத்தட்டு) ஒன்றின் பின்பக்கத்துக்குப் போனது. பின்னர் வந்த மறுவெளியீடுகளில் அது சேர்க்கப்பட்டது. பாட்டு அருமையானது, ஆனாலும் சேர்க்காத பதிப்பே முன்மொழிவுக்கு உரியது என்று ஆசிரியை உறுதியாக நின்றார். “அது இல்லாமத்தான் இத்தனை வருஷம் நின்னிச்சு. அப்படியே கேளுங்க.” நானும் அவர் பக்கமே.

நேரக் கணக்கு எங்கள் அல்ப அறிவை எவ்வளவு தூரம் தீர்மானித்தது என்பதற்கு டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’ நல்ல சான்று. சி-90 கெசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம். 1960களிலும் 70களிலும் வந்த ஒற்றைத் தட்டு அல்பங்களில் பெரும்பாலானவை அதற்குள் அடங்கிவிடும். 1985இல் வந்த இந்த அல்பம் இறுவட்டுக் காலத்தின் பிள்ளை. பத்து லட்சம் இறுவட்டுகள் விற்ற முதல் அல்பமும் இதுவே. இசைத்தட்டில் 47 நிமிடமாக இருந்தது இறுவட்டில் 55 நிமிடம். இறுவட்டிலிருந்து கெசட்டின் ஒரு பக்கத்துக்குப் பதிந்தபோது எட்டாவது பாட்டு தொடங்கிய இடத்திலேயே நாடா முடிந்துவிடும். அல்பத்தின் பெயரைத் தாங்கிய ஒன்பதாவது பாட்டு, அதன் உச்சம் என்றே நான் கருதுவது, எங்கள் கெசட்டுகளில் இருந்ததேயில்லை. முழுதாகக் கேட்ட பிறகு அல்பத்தைப் பற்றிய என் மதிப்பீடு ஒரு படி ஏறியது. முற்பாதியில் உள்ள வானொலிப் பாட்டுகளை மட்டும் வைத்து அதை மெல்லிய சரக்கு என்று ஒதுக்கியவர்களும் பேச்சை மாற்றிக்கொண்டார்கள்.

லெட் செப்பெலினின் நான்காவது அல்பத்துக்கு எதிர்பாராத ஒரு சோதனை 2022இல் நடந்தது. அந்த மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. கைத்தொலைபேசியின் சார்ஜை அவசரத்துக்கென்று மிச்சம் பிடித்த அந்த நாள்களில், பற்றரியில் ஓடும் பழைய கெசட் பெட்டிகள் மறுபடியும் வெளியே வந்தன. பற்றரி இறங்க இறங்க நாடாவின் வேகம் குறையும். பாடகர் ரொபர்ட் பிளான்டின் குரல் கட்டையாகும். மற்றப் பாட்டுகள் இதனால் கெட்டன. கடைசிப் பாட்டான ‘வென் த லெவீ பிரேக்ஸ்’ மட்டும் கெடவில்லை. ஹெட்லி கிரேன்ஜ் என்ற பழைய மாளிகையின் முன்கூடத்தில் ஜோன் பொன்ஹமின் பறைகளை வைத்து, மாடிப்படியின் மேலேயிருந்து மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிந்த பாட்டு அது. பதிந்தபின் வேகத்தைக் குறைத்தே அல்பத்தில் சேர்த்தார்கள். ஏற்கெனவே கனத்திருந்த அடி, எங்கள் இறங்கிய பற்றரியில் இன்னும் கனத்தது. 1971 நவம்பரில் குழுவின் பெயரோ அல்பத்தின் பெயரோ அட்டையில் இல்லாமல் வெளிவந்த இந்த அல்பம், எட்டுப் பாட்டில் ஒன்றுகூட நீக்கப்படத் தேவையில்லை என்று எங்களில் அனைவரும் ஒப்பிய மிகச் சில அல்பங்களில் ஒன்று.

கைத்தொலைபேசியில் கேட்பது பொதுவாக வசதிதான். ஹெட்போன் வந்ததால் பக்கத்து வீட்டுப் பிரச்சினையும் தகரப் பிரச்சினையும் ஒருங்கே தீர்ந்தன. ஆனால் செயலிகள் வரிசையைக் குலைக்கும் சுபாவம் உடையவை. பீட்டில்ஸின் ‘எபி ரோட்’ அல்பத்தின் இரண்டாம் பக்கத்தில், ஒன்றோடொன்று கோக்கப்பட்ட பாட்டுத் துண்டுகள் ஏறத்தாழ 16 நிமிடம் ஓடுகின்றன. அவற்றைக் கலைத்துப் போட்டால் முடிவு பெறாத துண்டுகள்தான் எஞ்சும். 2021 நவம்பரில், பாடகி அடேல் கேட்டுக்கொண்டதை அடுத்து, ஸ்பொட்டிஃபை செயலி, அல்பங்களின் முதன்மைப் பொத்தானில் கலைத்துப்போடும் வழக்கத்தை நீக்கியது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உபகாரம். பாட்டுகளுக்கிடையே இடைவெளி விடாத வசதியும் ஒரு பாட்டை அடுத்ததோடு கரைக்கும் வசதியும் ஒன்றல்ல. பின்னதை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டும்.

நிலைக்காதவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கிரீடன்ஸின் ‘கொஸ்மோஸ் ஃபெக்டரி’ இன்னும் இழுபறியில் இருக்கிறது. 1970இல் வந்த அதன் பதினொரு பாட்டுகளில் ஆறு, அதே ஆண்டில் தனித்தட்டுகளாகவும் வந்தவை. அது வேறு பெயரில் வந்த தொகுப்பே என்பது ஒரு சாராரின் வாதம். ஹட்டனில் இருந்துகொண்டு, மழையை யார் நிறுத்துவார் என்று கேட்கும் பாட்டை நீக்கக் கை வரவில்லை என்பது மற்றச் சாராரின் வாதம். ரோலிங் ஸ்டோன்ஸின் இரட்டை அல்பமான ‘எக்சைல் ஒன் மெயின் ஸ்ட்ரீட்’ முதல்முறை கேட்டபோது எவருக்கும் பிடிக்கவில்லை. தென் பிரான்ஸின் ஒரு மாளிகை நிலவறையில் பெரும்பகுதி பதியப்பட்ட அந்தக் கலங்கிய ஓசையில் குரல் எங்கே, கிட்டார் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. இப்போது அது என் முதல் மூன்றில் ஒன்று. உடனடித் தீர்ப்புக்குத் தடை இருந்திராவிட்டால் அன்றே கழிக்கப்பட்டிருக்கும்.

இந்தச் சுற்றில் ஆசிரியை, ஜெத்ரோ டல்லின் 1972ஆம் ஆண்டு அல்பமான ‘திக் அஸ் எ பிரிக்’கை முன்மொழிந்திருக்கிறார். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே பாட்டு. 44 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. சி-90இன் ஒரு பக்கத்தில் மயிரிழையில் அடங்கும். புகழ்பெற்ற பாட்டை எடுத்துவிட்டுக் கேட்கும் எங்கள் சோதனையை அதில் நடத்த வழியில்லை என்று டீமேக்கர் அண்ணன் முறையிட்டிருக்கிறார். கிட்டாரும் புல்லாங்குழலும் மெல்லத் தொடங்கும் அல்பம் என்பதால், மே மாதத்துக்கு முன்னர் எல்லோரும் ஒருமுறையாவது கேட்டு முடித்துவிட வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம்.