நாள்பட்ட முதுகுவலி: எபிடியூரல் ஊசியா, ரேடியோ அலைச் சிகிச்சையா?

மாத்திரையும் பயிற்சியும் போதாதபோது மருத்துவர்கள் முன்வைக்கும் இவ்விரண்டும் சி-ஆர்ம் எனும் நகரும் எக்ஸ்ரே கருவியின் திரையைப் பார்த்தபடியே செய்யப்படுபவை என்றாலும், குறிவைக்கும் இடம் வேறு.

வலியின் வகை: டிஸ்க் பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவதால் காலுக்கு இறங்கும் வலிக்கு எபிடியூரல் ஸ்டீராய்டு ஊசி (தண்டுவட உறையைச் சுற்றியுள்ள இடத்தில் வீக்கம் தணிக்கும் மருந்தைச் செலுத்துவது), முதுகெலும்பின் பின்புறச் சிறு மூட்டுகள் தேய்ந்து, பெரும்பாலும் இடுப்போடு நிற்கும் வலிக்கு ரேடியோ அலை.

செய்முறை: ஊசியில், எக்ஸ்ரேயில் தெரியும் சாயம் சரியான இடத்தில் பரவுவதைத் திரையில் கண்ட பிறகே ஸ்டீராய்டு செலுத்தப்படும். ரேடியோ அலையிலோ, முதலில் மரத்துப்போகச் செய்யும் மருந்தைச் செலுத்திச் சோதித்து, வலி கணிசமாகக் குறைந்தால் மட்டுமே பின்னொரு நாளில் ஊசிமுனையை ரேடியோ அலையால் ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, அந்த மூட்டின் நரம்புக்கிளையைச் செயலிழக்கச் செய்வார்கள். இச்சோதனையைத் தவிர்த்துவிடலாம் என்று சொல்லும் இடத்தை நான் தவிர்த்துவிடுவேன்.

நிவாரணம்: முன்னதில் சில வாரங்கள் முதல் சில மாதங்கள், பின்னதில் பெரும்பாலும் 6 முதல் 12 மாதங்கள், நரம்பு மீண்டும் வளரும்வரை.

செலவு: பின்னதற்கே அதிகம்.

ஸ்டீராய்டு சில நாட்களுக்கு இரத்தச் சர்க்கரையை ஏற்றும் என்பதைச் சர்க்கரை நோயாளிகள் கணக்கில் கொள்ள வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவர்கள் இரண்டுக்கும் முன்பே அதை மருத்துவரிடம் தெரிவித்தாக வேண்டும்.

கால்வலி தணிந்தால்தான் பிசியோதெரபியையே தொடங்க முடியும் என்றிருப்பவருக்கு ஊசி பொருந்தும். சோதனையில் தேறிய மூட்டுவலிக்காரருக்கு ரேடியோ அலையே மேல்.